அப்பா பந்தியில் உட்கார வேண்டும்

பிப்ரவரி 4

காலையில் பயறுக்கஞ்சி, அரைக் கிண்ணம். "உப்பு போட்டியா மக்களே?" என்று அப்பா கேட்டார். போட்டிருந்தேன்.

பிப்ரவரி 6

மகள் போன் செய்தாள். கேட்டரிங் காலேஜில் கடைசி வருடப் பிள்ளைகள் நடத்தும் டின்னர் 21-ஆம் தேதி இரவு. அவர்களே சமைத்து, ஜூனியர் பிள்ளைகள் பரிமாறி, ஐந்து கோர்ஸ். வீட்டு ஆட்களுக்கு ஆறு நாற்காலி போட்ட மேஜை. சூப் இவள் பொறுப்பு. தாத்தா வருவாரா என்று அதையேதான் திரும்பத் திரும்பக் கேட்டாள்.

தூக்கம் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அப்பா ஆயுள் முழுக்க ஆக்குப்புரையில், கல்யாணச் சமையல் கொட்டகையில், நின்றவர். தக்கலை, இரணியல், சுசீந்திரம், பூதப்பாண்டி, எங்கே கல்யாணம் என்றாலும் முந்தின நாள் சாயங்காலமே உருளியோடு போய்விடுவார். கடைசிப் பந்தி எழுந்த பிறகுதான் அவருக்குச் சாப்பாடு. அதுவும் நின்றபடி, மிஞ்சிய எரிசேரியும் மோரும். என் கல்யாணத்தில் பெண்ணின் அப்பாவாக வாசலில் நின்று வந்தவர்களைக் கூப்பிட வேண்டியவர், புளிசேரி பத்தாது என்று யாரோ சொன்னதும் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்புப் பக்கம் போனார். அவரை யாராவது உட்கார வைத்து இலை போட்டு, முதலில் பருப்பு, அப்புறம் நெய் என்று வரிசையாகப் பரிமாறி நான் பார்த்ததே இல்லை. ஒரு தடவை பார்க்க வேண்டும். கதிர்வீச்சில் நாக்கு ருசி போன நேரத்திலா என்றால், ஆமாம், இப்போதுதான்.

பிப்ரவரி 9

தொண்டை எரிச்சல். இன்று ஒன்றும் இறங்கவில்லை.

பிப்ரவரி 11

மகள் வந்தாள். ஸ்பூனையும் ஃபோர்க்கையும் ஒரே கையில் பிடித்து, அவித்த ஏத்தன்பழத் துண்டை உடையாமல் எடுத்து வைக்கிறாள். அம்மா தட்டில், என் தட்டில், மறுபடி அம்மா தட்டில். இப்படிப் பரிமாறும்போது விருந்தாளியின் இடது பக்கம் நிற்க வேண்டுமாம்.

அப்புறம் சூப்பைப் பற்றிச் சொன்னாள். கன்சோமே என்று பெயர். எலும்புச் சாற்றில் கொத்துக்கறியும் முட்டை வெள்ளைக்கருவும் நறுக்கிய காயும் சேர்த்து மெல்லச் சூடேற்றினால், வெள்ளைக்கரு கலங்கலையெல்லாம் பிடித்துக்கொண்டு ஆடை மாதிரி மேலே வந்துவிடும். அதன் பிறகு கரண்டி போடக் கூடாது. அடியிலிருக்கும் சாற்றைத் துணியில் வடிகட்ட வேண்டும். பாத்திரத்தின் அடியில் ஒரு நாணயம் கிடந்தால் அதிலுள்ள வருடத்தைப் படிக்க முடிகிற அளவுக்குத் தெளிவாக இருக்க வேண்டுமாம்.

கண்ணை மூடிக் கிடந்த அப்பா, "சீனிப்பாவுல கொஞ்சம் பால் விட்டா அழுக்கு மேல வரும்லா, அதுதான் இது," என்றார். மகள் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பாகில் எப்போது பால் விடுவது, எவ்வளவு, அழுக்கை எதில் கோரி எடுப்பது என்று இருவரும் இருட்டும் வரை பேசினார்கள். சிகிச்சை தொடங்கியதிலிருந்து அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

பிப்ரவரி 14

ரிவ்யூவுக்காகத் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கதிர்வீச்சில் போன ருசி மெல்லத்தான் திரும்பும், மாதக்கணக்கு ஆகலாம், வாய் வறட்சி இன்னும் நீளலாம் என்றார் டாக்டர். "முதல்ல வாறது உப்பா, இனிப்பா?" என்று அப்பா கேட்டார். ஆளுக்கு ஆள் மாறும் என்று பதில்.

திரும்பும் ரயிலில், பாறசாலை தாண்டியதும் சொன்னார்: "நான் வரல்ல. உப்பு தெரியாதவன் போயிருந்து, பிள்ளை ஆக்கினதுக்கு என்ன சொல்ல?"

குழித்துறை, இரணியல் எல்லாம் போனது. எனக்குப் பதில் வரவில்லை.

பிப்ரவரி 15

அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம், சூப்பை பிளாஸ்கில் கொண்டுவந்து கொடுத்தால் போதும் என்கிறாள் மைனி, அண்ணன் மனைவி. நல்ல மனதோடுதான் சொல்கிறாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

பிப்ரவரி 18

"எத்தனை பேருக்கு ஆக்குறாவ?"

நாற்பது பேருக்கு என்றேன்.

"நாப்பதுக்கா இத்தனை பிள்ளைகள்?"

வேட்டியைத் தேய்த்து வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 21, இரவு

வந்தார். சட்டை தோளில் தொங்குகிறது. வெள்ளை விரிப்பு, விசிறி போல் மடித்த துணி, தட்டுக்கு இரு பக்கமும் கரண்டிகள். வெளியிலிருந்து உள்ளே என்று எடுத்துக்கொண்டே வர வேண்டும் என்று அண்ணன் மகன் பாட்டிக்குச் சொல்லிக்கொடுத்தான். அப்பா அடுக்களைக் கதவைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஒரு பையன் வந்து மடியில் துணி விரித்தான். உட்கார்ந்தார், ஆமாம், உட்கார்ந்தார்.

சூப் வந்தது. இரண்டு காது வைத்த வெள்ளைக் கிண்ணம், தேன் நிறம், அடியில் கடுகை விடக் கொஞ்சம் பெரிதாக வெட்டிய கேரட். அப்பா குனிந்து நெடுநேரம் பார்த்தார். கரண்டியால் ஒதுக்கி அடியைப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு வாயாக, நிறுத்தி நிறுத்தி, முழுக்கக் குடித்தார். "தெளிஞ்சிருக்கு," என்றார்.

அடுத்து நெய்மீன். நம் மீன் அவியலில் போடும் மாங்காயும் தேங்காயும் அரைத்துச் சாறாக ஊற்றியிருந்தார்கள். அண்ணன் தட்டை வழித்தான். அப்பாவுக்கு மிளகாய் பட்டதும் கண்ணில் நீர். பரிமாறிய பையனின் கை நடுங்கியது. தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தார். கழிப்பறைக்கு என்று நினைத்தேன். நேரே அடுக்களைக்குள் போய்விட்டார்.

பின்னால் ஓடினேன். ஆசிரியர் அவர் தலையில் காகிதத் தொப்பி வைத்துக்கொண்டிருந்தார். அடுப்பில் அடைப்பிரதமன் பாயசம், ஒரு பையன் தேங்காயின் தலைப்பால் ஊற்றப் போகிறான். "தீயை அணை முதல்ல. தலைப்பால் கொதிச்சா திரிஞ்சிரும்." அணைத்தார்கள். கரண்டியை வாங்கி, மொண்டு, மேலிருந்து விட்டு, அது விழுகிற நூலைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் விடு. ஆறினா இறுகும்." பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். மகள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மேஜையில் அவருடைய கோழித் தட்டு ஆறிப்போய்க் கிடந்தது. நான் கேட்டது இது இல்லை. சூப்புக்கு மட்டும்தான் முழுக்க உட்கார்ந்தார். எல்லோரும் பெருமையாகப் பேசுகிறார்கள். எனக்கு ஆறவில்லை.

பிப்ரவரி 22

அசதி. நாள் முழுக்கத் தூங்கினார்.

பிப்ரவரி 24

மகள் நோட்டோடு வந்திருக்கிறாள். நூறு பேருக்கு அடைப்பிரதமன் என்று தலைப்புப் போட்டாள். அடை எவ்வளவு, வெல்லம் எவ்வளவு என்று தொடங்கினார். இரண்டாம் பாலுக்கு வருவதற்குள் இருமல். மீதி நாளைக்கு என்றார்.