லேஸி பி பண்ணையின் மூத்த மகள்

2 டிசம்பர் 2023, சனி

சாண்ட்ரா டே ஓ'கானர் நேற்று ஃபீனிக்ஸில் காலமாகிவிட்டார். வயது 93. நம் உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி ஃபாத்திமா பீவி போய்ச் சேர்ந்தது நவம்பர் 23. தமிழ்நாட்டுக்கு ஆளுநராகவும் இருந்தவர். அந்தத் துக்கம் ஆறுவதற்குள் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதியும் போய்விட்டார்.

எங்கள் வழக்கறிஞர் குழுவில் காலையிலிருந்து 1981-ஐப் பற்றியே பேச்சு. அதிபர் ரீகன் நியமித்தது, செனட்டில் 99-க்குப் பூஜ்யம் என்று வாக்கு விழுந்தது, எல்லாம் வந்துவிட்டது. சாண்ட்ராவுக்கு மூன்று மகன்கள் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை. எனக்கோ அவரை ஒரு அம்மாவாகத்தான் நினைக்கத் தோன்றுகிறது. நானும் பிள்ளைகளுக்காகக் கொஞ்ச காலம் கறுப்புக் கோட்டை மாட்டி வைத்தவள். இந்த மாதம் இங்கே அவரைப் பற்றித்தான் எழுதப்போகிறேன்.

3 டிசம்பர், ஞாயிறு

அவர் வளர்ந்த இடம் லேஸி பி மாட்டுப் பண்ணை. அரிசோனா, நியூ மெக்சிகோ இரண்டு மாநில எல்லையிலும் கால் பதித்துக் கிடந்த பூமி, சுமார் 1,98,000 ஏக்கர். சென்னை மாநகராட்சியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு! தாத்தா 1880-ல் தொடங்கியது. மழை அபூர்வம். காற்றாலை இறைத்துத் தரும் கிணற்றுத் தண்ணீரை நம்பித்தான் மாடும் மனிதரும். சாண்ட்ராவுக்கு ஏழு வயதாகும்வரை வீட்டில் மின்சாரம் கிடையாது, குழாயும் கிடையாது. தார் ரோட்டைப் பார்க்க 14 கிலோமீட்டர் போக வேண்டும்.

தங்கையும் தம்பியும் பிறக்கும்போது அவருக்கு எட்டு, ஒன்பது வயது. அதுவரை விளையாட்டுத் துணை பண்ணையாட்களும் குதிரையும்தான். ஒரு காட்டுப்பூனையைக்கூட வளர்த்தார்களாம். சின்ன வயதிலேயே துப்பாக்கி சுடவும், வண்டி ஓட்டவும், குதிரை மேல் நாள் முழுக்க இருக்கவும் பழகிவிட்டார். ஆண்கள் மட்டுமே போய்க்கொண்டிருந்த மாடு வளைக்கும் வேலைக்கும் கூடவே போனார்.

அவருடைய அம்மா ஏடா மேயைப் பற்றி இன்னும் நிறையப் பேர் பேச வேண்டும். கல்லூரி படித்தவர். அந்தப் புழுதிக்கு நடுவிலும் நேர்த்தியாக உடுத்தி, பத்திரிகைகள் வரவழைத்துப் படித்து, மகளுக்கு நாலு வயதிலேயே எழுத்துக்கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். பக்கத்தில் சரியான பள்ளிக்கூடம் இல்லை. ஆறு வயதுக் குழந்தையை டெக்சாஸின் எல் பாசோ நகரில் இருந்த பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விடுமுறைக்குத்தான் பண்ணை. வீட்டு ஏக்கம் தன்னை வாட்டியதைப் பின்னாளில் சாண்ட்ராவே சொல்லியிருக்கிறார். குழந்தையின் ஏக்கத்தைப் பற்றி எழுதியாயிற்று. அனுப்பிவிட்டு அந்த வெட்டவெளியில் தனியாக நின்ற தாயின் ஏக்கத்தை யார் எழுதுவது? இன்று முழுக்க எனக்கு அந்த ஏடா மேயின் நினைப்புதான்.

5 டிசம்பர், செவ்வாய்

டயர் கதையை எழுதாமல் விட மனமில்லை.

அப்போது சாண்ட்ராவுக்குப் பதினைந்து வயது. மாடுகளுக்குச் சூட்டுக்குறி போடும் நாட்கள். விடியுமுன் எழுந்து அம்மாவும் மகளும் ஆட்களுக்கு மதியச் சாப்பாடு செய்கிறார்கள். மகள் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டு தனியாகக் கிளம்புகிறார். நடுக்காட்டில் பஞ்சர். கூப்பிட்டால் வர ஆள் இல்லை. ஜாக்கி போட்டுத் தூக்கினால், நட்டு துருப்பிடித்து இறுகிக் கிடக்கிறது. வண்டியை மறுபடி இறக்கி, ஸ்பேனர் மேல் ஏறிக் குதித்து ஒவ்வொன்றாகத் தளர்த்தி, ஸ்டெப்னி மாட்டிப் போய்ச் சேரும்போது நேரமாகிவிட்டது. அப்பா பாராட்டுவார் என்று நினைத்திருக்கிறார். தாமதம் என்றார் அப்பா. பஞ்சர் என்று சொன்னதற்கு, அப்படியானால் இன்னும் முன்னதாகவே கிளம்பியிருக்க வேண்டும் என்று பதில்.

படித்தபோது அந்த அப்பா மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போதும் இருக்கிறது. "சாப்பிட்டியாம்மா" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் சாண்ட்ரா இந்தக் கதையை மனக்குறையாகச் சொன்னதில்லை. யாரும் வரமாட்டார்கள், நம் கையிலிருக்கும் வேலையை நாமே முடிக்க வேண்டும் என்பதைப் பண்ணையில் கற்றேன் என்பார். பின்னால் வீட்டையும் அவர் அப்படித்தான் சுமந்தார். அதைப் படிக்கும்போது பெருமையும் வலியும் சேர்ந்தே வருகிறது.

9 டிசம்பர், சனி

1952-ல் ஸ்டான்ஃபோர்டில் சட்டம் முடித்துவிட்டு நாற்பது சட்ட நிறுவனங்களையாவது தட்டியிருக்கிறார். பெண் வக்கீல் வேண்டாம் என்றார்கள். ஒரே ஒரு இடத்தில் செயலாளர் வேலை வேண்டுமானால் தருகிறோம் என்றார்கள். கடைசியில் கலிஃபோர்னியாவின் சான் மேட்டியோ மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் சம்பளமே வேண்டாம் என்று சொல்லிச் சேர்ந்தார்.

அப்புறம் ஃபீனிக்ஸ். மூத்தவன் 1957, நடுவன் 1960, கடைக்குட்டி 1962. குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் விலகியதும், தான் தொடங்கியிருந்த சின்ன அலுவலகத்தை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். 1960 முதல் 1965 வரை. அந்த வருடங்களில் வக்கீல் தேர்வுக்குக் கேள்வித்தாள் எழுதினார், தொண்டு அமைப்புகளுக்கு உழைத்தார், மூன்று பையன்களையும் வளர்த்தார். 1965-ல் அரிசோனா அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தில் மறுபடி தொடங்கினார். 1969-ல் மாநில செனட். 1973-ல் அங்கே பெரும்பான்மைக் கட்சித் தலைவர். அமெரிக்காவின் எந்த மாநிலத்திலும் ஒரு பெண் அதற்கு முன் அந்த இடத்தில் இருந்ததில்லை.

வீட்டில் இருந்த அந்த ஐந்து வருடத்தை எல்லா இரங்கல் கட்டுரையும் ஒரே வரியில் தாண்டிப் போகிறது. இடைவெளியாம். மூன்று குழந்தைகளை வளர்த்த காலம் எப்படி இடைவெளியாகும்? என் அலுவலகத்தில் ஜூனியராக இருக்கும் பெண் அடுத்த மாதம் பிரசவத்துக்குப் போகிறாள். இனி கோர்ட்டுக்குத் திரும்ப முடியுமா என்று பயந்துகொண்டிருக்கிறாள். அவளை உட்கார வைத்து இந்த 1960-65 கதையைத்தான் சொன்னேன்.

10 டிசம்பர், ஞாயிறு

ஒன்று விட்டுப்போயிற்று. உச்ச நீதிமன்றத்துக்குப் போன பிறகும் சனிக்கிழமைகளில் தன் இளம் சட்ட உதவியாளர்களுக்குத் தானே சமைத்துக் கொண்டுவந்து பரிமாறிக்கொண்டே வழக்குகளை அலசுவாராம். காரசாரமான தென்மேற்குச் சமையல். பண்ணையில் ஆட்களுக்குச் சோறு கொண்டுபோன கை அது.

14 டிசம்பர், வியாழன்

கணவர் ஜானும் வக்கீல். 1981-ல் மனைவிக்காக ஃபீனிக்ஸ் தொழிலை விட்டுவிட்டு வாஷிங்டன் வந்தவர். இதையும் சொல்லத்தான் வேண்டும்; எத்தனை ஆண்கள் அப்படி வருவார்கள்?

1990-ல் ஜானுக்கு அல்சைமர் என்னும் மறதி நோய் என்று தெரிந்தது. வீட்டில் தனியாக விட முடியாத நிலை வந்தபோது சாண்ட்ரா அவரைத் தன் நீதிமன்ற அறைக்கே அழைத்துவந்து உட்கார வைத்துக்கொண்டார். 2005 ஜூலையில் ராஜினாமாவை அறிவித்து, 2006 ஜனவரியில் விலகினார். பல பெரிய வழக்குகளில் முடிவைத் தீர்மானித்தது அவருடைய ஒற்றை வாக்கு. அவர் இடத்துக்குப் பழமைவாதியான நீதிபதி அலிட்டோ வந்ததும் அந்த நீதிமன்றத்தின் போக்கே மாறியது. இவ்வளவையும் விட்டு வந்தது கணவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள. ஆனால் நோய் காத்திருக்கவில்லை. அந்த ஆண்டே அவரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க வேண்டியதாயிற்று.

அங்கே ஜான் இன்னொரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, காதல் வந்த பையன்போல மகிழ்ச்சியாக இருந்தார். மனைவியை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சாண்ட்ரா போய்ப் பார்ப்பார். அவர் நிம்மதியாக இருக்கிறாரே என்று அம்மா சந்தோஷப்பட்டார் என மகன் 2007-ல் தொலைக்காட்சியில் சொன்னார். எனக்கு அந்த மனசு வராது. ஊரறியச் சொன்ன குடும்பத்தை வணங்கத் தோன்றுகிறது, எத்தனை வீடுகள் இதை மூடி வைத்துத் தவிக்கின்றன! 2008-ல் சாண்ட்ரா அமெரிக்க செனட் குழு முன் உட்கார்ந்து, இந்த நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் படும் பாட்டையும் எடுத்துச் சொன்னார். ஜான் 2009 நவம்பரில் மறைந்தார்.

சாண்ட்ராவுக்கும் மறதி நோய் வந்தது, அநேகமாக அதே அல்சைமர். 2018 அக்டோபரில் வெளியிட்ட கடிதத்தில் அதைத் தானே அறிவித்தார். அரிசோனா பாலைவனத்தில் மாடு மேய்த்த சிறுமி உச்ச நீதிமன்றம் வரை வருவோம் என்று கனவிலும் நினைத்ததில்லை என்று அதில் எழுதியிருந்தார்.

20 டிசம்பர், புதன்

தூத்துக்குடி, திருநெல்வேலி வெள்ளச் செய்தியிலேயே இரண்டு நாளும் போயிற்று. உறவுக்காரர்கள் எல்லோரும் பத்திரம் என்று தெரிந்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நேற்று வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் இறுதி ஆராதனை. அதிபர் பைடன் பேசினார், தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் பேசினார். கடைசி மகனும் பேசினார். ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். சட்டம் படித்தவளாக மற்றவர்களின் உரையைத்தான் கவனித்துக் கேட்டிருக்க வேண்டும். நான் மகன் பேசுவதற்காகக் காத்திருந்தேன். பல வருடம் முன் அம்மா எழுதிய கடிதத்திலிருந்து, பிறருக்கு உதவத்தான் நாம் இருக்கிறோம், நீங்களும் அப்படி இருக்கப் பாருங்கள் என்ற வரியை எடுத்துச் சொன்னார். அந்த வரியைவிட, இத்தனை பெரிய சபையில் அவரை "அம்மா" என்று அவர் சொன்னதுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது.