புயல் எங்க நிக்குது?

நவம்பர் 16, சனி

இன்றைக்கு மேலத்தெருத் தாத்தா வீட்டுக்குப் போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். கஜா புயல் அடித்த நாள். ஆனாலும் கால் அங்கேதான் போனது. பிரஷர் 170. "கழட்டும்மா, இன்னைக்கு அப்படித்தான் இருக்கும்" என்றார். 2018ல் தென்னந்தோப்பு படுத்ததை மரம் மரமாகச் சொன்னார். கிணற்றடி மரம் அவர் அப்பா வைத்தது, விடியும்போதுதான் சாய்ந்ததாம். மரத்துக்கு 600, வெட்டி அகற்ற 500, ஆக 1,100 ரூபாய் நிவாரணம். "அப்பன் வச்ச மரத்துக்கும் அதே ரேட்டுதான்."

நவம்பர் 18, திங்கள்

கோடிவீட்டு அப்பாயியின் வெற்றிலைப் பெட்டியில் பாக்கோடு பாக்காகப் பிரஷர் மாத்திரைகள். எல்லாம் பாதி. பாக்குவெட்டியால் வெட்டியிருக்கிறார், அளந்தாற்போல. ஏன் அப்பாயி என்றால் காது கேட்காதவர் மாதிரி சுண்ணாம்பு தடவுகிறார். மற்ற நேரத்தில் அடுத்த தெருவில் கிசுகிசுத்தாலும் கேட்கும் காது.

நவம்பர் 20, புதன்

இரவு ஒன்பதரைக்கு ரிட்டயர்டு சாரிடமிருந்து போன். முதியோர் உதவி எண் 14567 எட்டு மணியோடு முடிந்துவிடுகிறதாம், அதனால் எனக்கு.

நவம்பர் 22, வெள்ளி

சார் மனுவை மறுபடி எழுதியிருக்கிறார். 2007ஆம் வருடச் சட்டம், பெற்றோர் பராமரிப்பு, கோட்டாட்சியர் அவர்கள் சமூகத்திற்கு. முழுத்தாள், இடப்பக்கம் மடித்து மார்ஜின், முத்து முத்தான கையெழுத்து. மாதம் அதிகபட்சம் 10,000 வரை வாங்கலாம் என்று பிரிவு எண்ணோடு தெரியும் அவருக்கு. "பென்ஷன் வருதே சார், பணத்துக்கா?" என்றேன். பதில் இல்லை. படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். போன தடவை "கைவிட்டுவிட்டார்" என்று இருந்தது, இந்தத் தடவை "கவனிக்க இயலாத நிலையில் உள்ளார்". எதிர்மனுதாரர் என்ற இடத்துக்கு வந்ததும் வெறும் கோடு. மகன் பெயரில்லை. "அது கடைசியில எழுதிக்கலாம்" என்று தாளை வாங்கிக்கொண்டார்.

2021ல் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவத்தில் சேர்ந்தபோது மாத்திரை கொடு, பிரஷர் பார், செயலியில் பதிவு செய் என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள். சாருக்கு சுகரும் இல்லை, பிரஷரும் இல்லை. செயலியில் இவருக்கு என்னதான் போடுவது?

நவம்பர் 25, திங்கள்

வங்கக்கடலில் தாழ்வு மண்டலம். தாத்தா போன்: "எங்க நிக்குது?"

நவம்பர் 26, செவ்வாய்

அரை மாத்திரை மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. காசு கொடுத்து வாங்குவதில்லை, மிச்சம் பிடிக்க. மயக்கம் வருகிறது என்றும் சொன்னதில்லை. யாருக்காவது கொடுக்கிறாரா? கொட்டுகிற மழையில் குடையோடு போனேன். உள்ளே இன்னொரு பாட்டி உட்கார்ந்திருந்தார். நாத்தனாராம். பட்டுக்கோட்டையில் மகன் வீட்டில் இருந்தவர், "ரெண்டு நாள் இருந்துட்டு வரேன்" என்று தீபாவளிக்கு முன்னால் கிளம்பி வந்தவர். ஒரு மாத்திரை, ரெண்டு பேர், ஆளுக்குப் பாதி. பார்த்தேன், 190க்கு 110. இங்கேயே பதிந்து தருகிறேன் ஆத்தா என்றதற்குக் கையைப் பிடித்துக்கொண்டார்: "இங்க பேரு எழுதுனா நான் வந்துட்டேன்னு ஆயிடும்ல."

நவம்பர் 27, புதன்

பள்ளிக்கூடம் லீவு. மழை.

நவம்பர் 28, வியாழன்

புயலாகும் என்கிறார்கள், ஆகவில்லை. இலங்கைக் கரையை ஒட்டியே நகர்கிறதாம். தாத்தா காலையில், மதியம், விளக்கு வைத்ததும். கோபமாக வந்தது. டிவியில்தான் சொல்கிறார்களே தாத்தா என்றால், "அவன் சொல்றான், நீ சொல்லு."

நவம்பர் 30, சனி

புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தது. நமக்கு இல்லை. 1952 புயலும் நவம்பர் 30தான் என்கிறார் தாத்தா. அப்போது அவருக்கு ஒன்பது வயது. புதுசாக வைத்த கன்றுகள் தப்பித்த சந்தோஷத்தில் எனக்கு இளநீர் வெட்டச் சொன்னார். அந்தக் கன்றுகள் இன்னும் காய்க்கவில்லை, பக்கத்துத் தோப்பில் கேட்டு வாங்கி வரச் சொன்னார்.

டிசம்பர் 1, ஞாயிறு

மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. திருவண்ணாமலையில் மலைச்சரிவு. தாத்தா போன் பண்ணவில்லை. நானே பண்ணினேன். "அங்க விழுந்ததுல வயசானவங்க இருக்காங்களாம்மா?"

டிசம்பர் 3, செவ்வாய்

நர்ஸம்மாவிடம் கேட்டேன். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்தால் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் டாக்டர் பார்ப்பார், மாத்திரை தருவார் என்கிறார். அதைச் சொன்னேன். நாத்தனார் பாட்டி யோசிக்கிறார். அப்பாயி மட்டும், "அப்ப நாளைக்கே போவோம், ஷேர் ஆட்டோவுக்கு நான் காசு தரேன்" என்று முந்தானை முடிச்சை அவிழ்க்கிறார்.

இனி பாதி கிடையாது அப்பாயி, பாக்குவெட்டி பாக்குக்கு மட்டும் என்றேன். உம் கொட்டினார். நம்பிக்கை இல்லை.

டிசம்பர் 5, வியாழன்

நேற்றுப் போகவில்லை. நாத்தனார் பாட்டிக்குப் பட்டுக்கோட்டையிலிருந்து போன் வந்ததாம். அதற்கப்புறம் அவர் சாப்பிடவும் இல்லை. நாளை காலை ஏழு மணிக்கு ஆட்டோ சொல்லியிருக்கிறேன், வந்தாலும் வராவிட்டாலும். இயன்முறை மருத்துவர் வண்டியும் நாளைக்குத்தான், தாத்தாவின் தோள்பட்டைக்கு. சார் வேறு கூப்பிட்டிருந்தார், மனுவில் ஒரு திருத்தமாம்.