மாப்பிள்ளைதான் படம் எடுத்தார்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டேன். அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் ஒரு பழைய ஆட்டக்கூடம், எழுபது வயதைத் தாண்டிய ஒருவரோடு நான் டாங்கோ ஆடுகிறேன். உடனே சித்தி போனில் வந்துவிட்டார். "என்னடி இது, யாரோ ஒரு ஆம்பளையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு? மாப்பிள்ளை எங்க?" மாப்பிள்ளைதான் படம் எடுத்தார் என்றேன். அது அதைவிடப் பெரிய தப்பாகிவிட்டது.

சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் சித்திக்குத் தெரிந்த டாங்கோ, வாயில் ரோஜாவைக் கவ்விக்கொண்டு காலை வீசுகிற டாங்கோ. இங்கே லா போகா என்ற பகுதியில் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுவதும் கிட்டத்தட்ட அதுதான். இந்த ஊர்க்காரர்கள் ராத்திரி மிலோங்காவுக்கு, அதாவது டாங்கோ ஆடக் கூடும் இடத்துக்கு, போய் ஆடுவது வேறு. அங்கே எந்த ஆணும் வந்து கையைப் பிடித்து இழுக்க முடியாது. கூடத்தின் அந்தப் பக்கத்திலிருந்து பார்ப்பார், எனக்கு விருப்பம் இருந்தால் நானும் பார்ப்பேன், லேசாகத் தலையசைப்பார், அவ்வளவுதான். விருப்பம் இல்லையென்றால் பார்வையைத் திருப்பிக்கொண்டால் போதும், யாருக்கும் அவமானம் இல்லை. மூன்று நான்கு பாட்டு சேர்ந்தது ஒரு தாண்டா. அது முடிந்ததும் மேசைவரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார். கூட்டமான பேருந்தில் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடியே வளர்ந்தவள் நான். முன்பின் தெரியாத ஒருவர் என் கண்ணின் சம்மதத்துக்காகக் காத்து நிற்பதை இங்கேதான் முதலில் பார்த்தேன்.

அதுவும் இந்த ஆட்டம் ஊரை விட்டு வந்தவர்கள் உண்டாக்கியது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கேயும், ஆற்றுக்கு அக்கரையில் மொந்தெவிதேயோவிலும், கப்பலில் வந்த இத்தாலியர்களும் ஸ்பானியர்களும், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தவர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதிகளில் பிறந்தது. 1914 கணக்கெடுப்பில் இந்த நகரத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். இங்கிருந்த பணக்கார வீடுகள் முதலில் முகம் சுளித்தன, பாரீஸ் கொண்டாடிய பிறகுதான் கதவைத் திறந்தன. 1935இல் விமான விபத்தில் இறந்த டாங்கோ பாடகர் கார்லோஸ் கார்தெலின் சிலை சக்கரீத்தா கல்லறையில் இருக்கிறது, அதன் விரலிடுக்கில் இன்றும் சிகரெட்டைப் பற்றவைத்துச் செருகுகிறார்கள். முனியாண்டிக்குச் சுருட்டு படைக்கிற வீட்டுப் பெண்ணுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எனக்கு இந்த ஊர் பழகிவிட்டது. ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிடுகிறேன், மாத்தே என்ற மூலிகைத் தேநீர் குடிக்கிறேன், கறிவேப்பிலை இல்லாமல் தாளிக்கிறேன். ஆனால் டாங்கோவுக்கு வாசிக்கிற பாந்தோனியோனின் துருத்தி விரிந்து அந்த முதல் மூச்சு வந்தால் போச்சு. ஜெர்மனியிலிருந்து வந்த பெட்டி அது. தாத்தாவின் ஆர்மோனியமும் ஐரோப்பாவிலிருந்து வந்த சாதிதான், சனிக்கிழமை பஜனையில் அதை முன்னால் வைத்துக்கொண்டு கண்ணை மூடிவிடுவார், சுண்டல் வாசனை வரும்வரை நாங்கள் பின்னால் உட்கார்ந்திருப்போம். அது நினைவுக்கு வந்துவிட்டால் அந்தத் தாண்டா முழுக்க நான் இங்கே இல்லை.

மிலோங்காவில் என் கண் தேடுவது பாட்டிகளைத்தான். கணவனை இழந்தவர்கள், எண்பதை நெருங்குகிறவர்கள், ஆடுவதற்கென்றே வைத்திருக்கும் செருப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு தனியாகப் பேருந்தில் வருகிறார்கள். உதட்டுச் சாயம், தோடு எல்லாம் உண்டு. "இந்த வயசுல என்ன" என்று யாரும் கேட்பதில்லை, நன்றாக ஆடுகிற பாட்டிக்கு இளைஞர்கள் காத்திருக்கிறார்கள். அப்பா போன பிறகு அம்மா கச்சேரிக்குக்கூடப் போவதில்லை. பூ வைப்பதை நிறுத்திய அன்றே மற்ற எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்திவிட்டாள், யாரும் வேண்டாமென்று தடுக்கவில்லை, வா என்று கூப்பிடவும் இல்லை. சித்தி சொன்னதைவிட எனக்கு வலிப்பது இதுதான்.

டிசம்பர் 11, கார்தெல் பிறந்தநாள், இங்கே தேசிய டாங்கோ தினம். அதற்கு அம்மாவை வரச் சொல்லியிருக்கிறேன். முட்டி வலி என்கிறாள். டாங்கோ பெரும்பாலும் நடைதான், மெதுவாக நடந்தால் போதும் என்று ஒவ்வொரு போனிலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.