எண்ணெயை நிறுத்தியும் கொழுப்பு குறையவில்லையா? ரிப்போர்ட்டில் ஏறியிருப்பது எந்த வரி என்று பாருங்கள்

மஞ்சள் கருவை ஒதுக்கியாயிற்று. தாளிப்புக்கு எண்ணெயைச் சொட்டுக் கணக்கில் விடுகிறார்கள். இட்லிப்பொடிக்கு நல்லெண்ணெய்கூடக் கிடையாது. மூன்று மாதம் கழித்து ரத்தம் கொடுத்தால் டிரைகிளிசரைட் 260-லிருந்து 280-க்குப் போயிருக்கிறது. "எனக்கு உடம்புவாகே அப்படி" என்று சொல்லிப் பழையபடி சாப்பிடத் தொடங்குகிறார்கள். எண்ணெயைக் குறைத்த அதே வீட்டில் காலையில் ஐந்து இட்லி, மதியம் சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று சாதம், மாலையில் சர்க்கரை போட்ட டீயோடு பிஸ்கட், இரவு மறுபடி தோசை. டிரைகிளிசரைட் எங்கிருந்து வருகிறதோ அந்த வழியை யாரும் தொடவேயில்லை.

கொழுப்பு என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பது இரண்டு வெவ்வேறு பொருள்களை. கொலஸ்ட்ரால் கட்டுமானப் பொருள். செல்களின் மேற்சவ்வுக்கும் ஹார்மோன்களுக்கும் பித்தநீருக்கும் வேண்டும். பெரும்பகுதியைக் கல்லீரலும் மற்ற திசுக்களுமே தயாரிக்கின்றன. சாப்பாட்டிலிருந்து வருவது சிறுபகுதிதான். டிரைகிளிசரைட் எரிபொருள். தேவைக்கு மேல் உள்ளே போகும் மாவுச்சத்தையும் சர்க்கரையையும் மதுவையும் கல்லீரல் டிரைகிளிசரைடாக மாற்றி ரத்தத்தில் அனுப்புகிறது. இரண்டும் ரத்தத்தில் கரையாதவை என்பதால் புரத உறை போட்ட துகள்களில் ஏறித்தான் பயணம் செய்கின்றன. டிரைகிளிசரைடை முக்கியமாகச் சுமக்கும் விஎல்டிஎல், கொலஸ்ட்ராலைச் சுமக்கும் எல்டிஎல், 'நல்ல கொலஸ்ட்ரால்' என்று சொல்லப்படும் எச்டிஎல் எல்லாம் அந்தத் துகள்களின் பெயர்கள். எல்டிஎல் துகள்கள் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழைந்து தங்கிவிடும். அங்கே பல ஆண்டுகளாகச் சேர்வதுதான் பின்னால் அடைப்பாகிறது. இது நடக்கும்போது வலி, தலைசுற்றல், களைப்பு எதுவும் இருக்காது. ரத்தப் பரிசோதனை ஒன்றுதான் காட்டும்.

ரிப்போர்ட்டை எடுத்ததும் எல்லோர் கண்ணும் முதல் வரியான மொத்தக் கொலஸ்ட்ராலுக்குப் போகிறது. அதை வைத்து மட்டும் எதையும் முடிவு செய்ய முடியாது. ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மொத்தம் 218, எச்டிஎல் 36, டிரைகிளிசரைட் 260. பல லேப்களில் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. 1972-இல் வந்த ஃப்ரீடுவால்டு சூத்திரத்தால் கணக்கிடுகிறார்கள். டிரைகிளிசரைடை 5-ஆல் வகுத்தால் விஎல்டிஎல்: 52. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும் இதையும் கழித்தால் எல்டிஎல்: 218 − 36 − 52 = 130. "கொஞ்சம்தான் கூட" என்று ஆறுதல் தோன்றும். இப்போது மொத்தத்திலிருந்து எச்டிஎல்லை மட்டும் கழியுங்கள்: 182. இதற்கு நான்-எச்டிஎல் என்று பெயர். குழாய்ச் சுவரில் படியக்கூடிய எல்லாத் துகள்களும் இந்த எண்ணுக்குள் இருக்கின்றன. சாதாரண ஆபத்து உள்ளவருக்கே இது 130-க்குள் இருக்க வேண்டும். 182 என்பது நல்ல உயரம். டிரைகிளிசரைட் ஏறியவர்களுக்கு எல்டிஎல் வரி இப்படித்தான் நிலைமையைச் சின்னதாக்கிக் காட்டும். நம்மவர்களிடம் அதிகம் தென்படுவதும் இந்தச் சேர்க்கைதான்: எச்டிஎல் குறைவு, டிரைகிளிசரைட் அதிகம், தொப்பை, சுகர் எல்லைக்கோட்டில்.

டிரைகிளிசரைட் 400-க்கு மேல் போனால் அந்தச் சூத்திரமே செல்லாது. அப்போது எல்டிஎல்லை நேரடியாக அளக்கச் சொல்ல வேண்டும், அல்லது நான்-எச்டிஎல்லை மட்டும் நம்ப வேண்டும்.

பரிசோதனைக்கு முன் பட்டினி கட்டாயமா என்று கேட்பார்கள். முதல் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை என்று இப்போது பல வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. டிரைகிளிசரைட் அதிகம் என்று தெரிந்தவர்கள் மட்டும் 10–12 மணி நேரப் பட்டினிக்குப் பிறகு கொடுப்பது நல்லது. தண்ணீர் குடிக்கலாம், காபி கூடாது. சனிக்கிழமை இரவு குடித்துவிட்டு ஞாயிறு காலை ரத்தம் கொடுத்தால் டிரைகிளிசரைட் தாறுமாறாகத்தான் வரும். காய்ச்சலோ பெரிய தொற்றோ வந்தால் எல்டிஎல் தற்காலிகமாகக் குறையும்; அதை நம்பி மகிழக் கூடாது, சில வாரம் கழித்துப் பாருங்கள். கர்ப்பகாலத்தில் எல்லா எண்களும் இயல்பாகவே ஏறும். லண்டனிலோ டொராண்டோவிலோ இருக்கும் உறவினரின் ரிப்போர்ட்டில் கொலஸ்ட்ரால் 5.2 என்று இருந்தால் பதற வேண்டாம், அலகு வேறு: அங்கே லிட்டருக்கு மில்லிமோல், இங்கே டெசிலிட்டருக்கு மி.கி. கொலஸ்ட்ராலை 38.67-ஆலும் டிரைகிளிசரைடை 88.57-ஆலும் பெருக்கினால் நம் ஊர் எண் கிடைக்கும்.

எல்டிஎல் எவ்வளவு இருக்கலாம் என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான ஒரே பதில் கிடையாது. லேப் அச்சடிக்கும் நார்மல் அளவு உங்களைத் தெரிந்து அச்சடித்ததல்ல. வேறு பிரச்சினை இல்லாதவருக்கு 100-க்குள். சுகர், ரத்தக் கொதிப்பு போன்றவற்றால் ஆபத்து கூடியவருக்கு 70-க்குள். ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவருக்கு 55-க்குள். இதய நோய் நிபுணர்களின் இந்திய அமைப்பான சிஎஸ்ஐ 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த வரிசையில்தான் இருக்கிறது. ஸ்டென்ட் வைத்தவர் 95-ஐப் பார்த்து "நார்மல்" என்று மாத்திரையை நிறுத்துவது அடிக்கடி நடக்கும் தவறு.

உணவை மாற்றுவதற்கு முன் இன்னொரு வேலை இருக்கிறது. தைராய்டு குறைவாகச் சுரந்தால் எல்டிஎல் ஏறும். கட்டுப்பாடில்லாத சுகர் டிரைகிளிசரைடை ஏற்றும். சிறுநீரில் புரதம் போகும் சிறுநீரக நோயும் ஸ்டீராய்டு மாத்திரையும் கொழுப்பை ஏற்றும். தைராய்டுக்கான டிஎஸ்எச், மூன்று மாதச் சராசரி சுகர், சிறுநீர்ப் பரிசோதனை மூன்றையும் ஒருமுறை பார்க்காமல் கொழுப்பு மாத்திரை தொடங்குவது அரைகுறை வைத்தியம்.

இப்போது டிரைகிளிசரைட். 150-க்குள் இருக்க வேண்டும்; 200-ஐத் தாண்டினால் அதிகம். இதைக் குறைக்கத் தட்டில் முதலில் கை வைக்க வேண்டியது சாதத்தில். ஒரு கப் சாதத்தில் ஏறக்குறைய 45 கிராம் மாவுச்சத்து. மூன்று முறை போட்டுச் சாப்பிட்டால் அந்த ஒரு வேளையிலேயே 130 கிராமைத் தாண்டும். சாதத்தை ஒரு கப்போடு நிறுத்தி, அந்த இடத்தைப் பொரியல், கூட்டு, கீரை, சுண்டல், மீன் ஆகியவற்றால் நிரப்ப வேண்டும். நிரப்பாமல் வெறுமனே குறைத்தால் நாலு மணிக்குப் பசித்து பிஸ்கட் டப்பாவைத் திறப்பீர்கள். சாதத்துக்குப் பதில் சிறுதானியம் என்று அதே அளவு கம்பஞ்சோறோ கேழ்வரகுக் கூழோ சாப்பிடுகிறார்கள். நார்ச்சத்து கொஞ்சம் கூடும், மாவுச்சத்து அப்படியேதான் இருக்கிறது. அளவு குறைந்தால்தான் பலன். நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி, தேன் எதற்கும் கல்லீரல் தனிச் சலுகை தராது. பழத்தைக் கடித்துச் சாப்பிடலாம், ஜூஸ் வேண்டாம்.

மதுவை அறவே விட்டால் சிலருக்கு ஒரே மாதத்தில் டிரைகிளிசரைட் பாதியாகும். உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தால் இது 20 சதவீதம்வரை இறங்கும். 80 கிலோ இருப்பவருக்கு அது 4 முதல் 8 கிலோ. வேக நடை வாரத்துக்கு 150 நிமிடம். ஒரு நாள் நடையின் பலன் மறுநாள் வரைக்கும்தான் பெரும்பாலும் தங்குகிறது. ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம் நடப்பதைவிடத் தினமும் அரை மணி நேரம் மேல்.

டிரைகிளிசரைட் 500-ஐத் தாண்டினால் கவலை இதயத்தோடு நிற்காது, கணையம் வீங்கும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். 1000-க்கு மேல் போனவர்களின் ரத்தத்தைக் குழாயில் எடுத்து வைத்தால் மேலே தெளியும் திரவம் பால்போல் வெளுத்திருக்கும். மேல்வயிற்றில் தொடங்கி முதுகுவரை பாயும் வலியும் வாந்தியும் வந்தால் கேஸ் ட்ரபிள் என்று வீட்டில் உட்காராமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த நிலையில் டிரைகிளிசரைடை இறக்கும் ஃபெனோஃபைப்ரேட் போன்ற மாத்திரை தேவைப்படும், சாப்பாட்டில் எல்லாக் கொழுப்பையும் கடுமையாகக் குறைக்கவும் வேண்டும். எண்ணெயைக் குறைப்பதால் டிரைகிளிசரைடுக்குப் பெரிய பலன் கிடைப்பது இங்கேதான்.

எல்டிஎல் ஏறியவருக்குக் கணக்கே வேறு. முதல் எதிரி பூரிதக் கொழுப்பு, அதாவது நெய், தேங்காய் எண்ணெய் போன்றவற்றில் நிறைந்திருக்கும் சாச்சுரேட்டட் ஃபேட். முட்டையெல்லாம் அதற்குப் பின்னால்தான். எல்டிஎல் அதிகம் உள்ளவர் ஒரு நாளைக்கு 15 கிராமுக்குள் பூரிதக் கொழுப்பை நிறுத்த வேண்டும். நம் சமையலறையில் அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் 11–12 கிராம், நெய்யில் 8 கிராம் அளவில், கடலை எண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் 2–2.5 கிராம். சட்னிக்கும் குழம்புக்கும் அரைக்கும் தேங்காயில் உங்கள் பங்கு 50 கிராம் என்றால் அதிலேயே 15 கிராம் தீர்ந்தது. செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெய் நல்லது என்று சொல்பவர்களுக்கு: செக்கு மணத்தையும் சில நுண்பொருள்களையும் காப்பாற்றும், கொழுப்பு அமிலத்தை மாற்றாது. 2020-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வில், வெப்பமண்டலம் சாராத மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டபோது தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லைச் சராசரியாக 10 மி.கி. ஏற்றியது தெரிந்தது.

பால் யாருக்கும் நினைவுக்கே வருவதில்லை. ஆவின் ஆரஞ்சு பாக்கெட்டில் கொழுப்பு 6 சதவீதம், பச்சையில் 4.5, நீலத்தில் 3. அரை லிட்டர் ஆரஞ்சு பாலில் 30 கிராம் கொழுப்பு. அதில் 18 கிராம்வரை பூரிதம். பாக்கெட் நிறத்தை மாற்றினாலே பாதி குறைகிறது, காபியின் ருசி கொஞ்சம் போகும் என்பது உண்மைதான். காபித் தூளிலும் எல்டிஎல்லை ஏற்றும் கஃபெஸ்டால் என்ற எண்ணெய்ப் பொருள் இருக்கிறது. தாள் வடிகட்டி அதைப் பிடித்து நிறுத்துகிற அளவுக்கு நம் எவர்சில்வர் ஃபில்டர் நிறுத்தாது. நாளைக்கு இரண்டு டம்ளர் குடிப்பவர் இதற்காகத் தூக்கம் இழக்க வேண்டாம். ஐந்தாறு டம்ளர் குடிப்பவர் யோசிக்கலாம்.

ரேஷனில் ஒரு லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்குக் கிடைக்கும்போது கடலை எண்ணெய்க்கு மாறுங்கள் என்று சொல்வது சுலபம். பாமாயிலில் ஏறக்குறைய பாதி பூரிதம். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் தாளிப்போடு நிறுத்துங்கள், வடை பஜ்ஜிக்கு ஊற்றி மறுநாளும் சுட வைக்காதீர்கள். எந்த எண்ணெயானாலும் ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் போதும். நாலு பேர் வீட்டுக்கு இரண்டு லிட்டர். எண்ணெய் பாக்கெட்டில் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்களே, அது தண்ணீர் பாக்கெட்டில் "எலும்பு இல்லாதது" என்று போடுவதுபோல. தாவர எண்ணெய் எதிலும் கொலஸ்ட்ரால் என்று சொல்லும்படி இருக்காது. கல்லீரலை அதிகம் தயாரிக்கத் தூண்டுவதும் ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை எடுக்கவிடாமல் செய்வதும் அதிலுள்ள பூரிதக் கொழுப்புதான். வனஸ்பதியின் டிரான்ஸ் கொழுப்பு இன்னும் மோசம். 2022 ஜனவரியிலிருந்து இந்தியாவில் அதற்கு 2 சதவீத வரம்பு இருக்கிறது. ஆனாலும் வனஸ்பதி போட்டுச் செய்யும் பஃப்ஸ் பூரிதக் கொழுப்பில் சளைத்ததல்ல.

முட்டை நாளைக்கு ஒன்று பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினையில்லை. இறாலில் கொலஸ்ட்ரால் இருந்தாலும் பூரிதக் கொழுப்பு மிகக் குறைவு. ஆட்டு மூளையில் மட்டும் 100 கிராமுக்கு 1,300 மி.கி.க்கு மேல் கொலஸ்ட்ரால், அதை விட்டுவிடலாம். குறைப்பதோடு சேர்க்கவும் வேண்டும்: நாளைக்கு ஒரு கப் வேகவைத்த கொண்டைக்கடலை, காராமணி, பயறு ஏதாவது ஒன்று எல்டிஎல்லை 5 சதவீத அளவில் இறக்கும்.

இவை எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் உணவால் பெரும்பாலும் 10–15 சதவீதம்தான் குறையும். 190 இருப்பவர் 100-க்கு வரமாட்டார். அங்கே கல்லீரலின் கொலஸ்ட்ரால் தயாரிப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை வேண்டும். அட்டோர்வாஸ்டாட்டின் 10 மி.கி. எல்டிஎல்லை 35 சதவீதத்துக்கு மேல் குறைக்கும், 40–80 மி.கி.யும் ரோசுவாஸ்டாட்டின் 20–40 மி.கி.யும் பாதியாக்கும். டோஸை இரட்டிப்பாக்கினால் கூடுதலாகக் கிடைப்பது 6 சதவீதம்தான். அதனால் ஒரு கட்டத்துக்குப் பிறகு டோஸை ஏற்றுவதைவிட, குடல் கொலஸ்ட்ராலை உறிஞ்சுவதைத் தடுக்கும் எசெட்டிமைப் 10 மி.கி. சேர்ப்பது லாபம், அது தனியாக இன்னொரு 20 சதவீதம் இறக்கும். இந்த இரண்டு ஸ்டாட்டினையும் எந்த நேரத்திலும் போடலாம், சிம்வாஸ்டாட்டின்தான் இரவுக்கு. தொடங்கிய 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி ரத்தம் பார்க்க வேண்டும். எண் இறங்கியதும் நிறுத்தினால் சில வாரத்திலேயே பழைய இடத்துக்கு ஏறிவிடும். அது இறங்கியிருந்ததே மாத்திரையால்தான்.

தசைவலி பற்றிய பயம்தான் அதிகம் பேரை நிறுத்த வைக்கிறது. வலி உண்மையாகவே சிலருக்கு வரும். ஆனால் 2020-இல் வெளியான சாம்சன் ஆய்வில், ஸ்டாட்டினை விட்டவர்களுக்கே சில மாதம் ஸ்டாட்டினும் சில மாதம் வெற்று மாத்திரையும் மாற்றி மாற்றிக் கொடுத்தபோது, தொந்தரவுகளில் 90 சதவீதம் வெற்று மாத்திரையிலும் இருந்தது. வலி வந்தால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். தசை நொதியான சிகே பார்ப்பார்கள், டோஸையோ மருந்தையோ மாற்றுவார்கள். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு ஓட வேண்டும். கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாட்டிக் எழுதும் மருத்துவரிடம் ஸ்டாட்டின் சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். டிரைகிளிசரைடுக்குக் கொடுக்கும் ஜெம்ஃபைப்ரோசிலோடு ஸ்டாட்டினைச் சேர்க்கக் கூடாது. கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் முன்கூட்டியே பேச வேண்டும். வெறும் வயிற்றில் பூண்டு சாப்பிடலாம், கெடுதல் இல்லை. அதை மாத்திரைக்கு மாற்றாக வைப்பதுதான் கெடுதல்.

மாத்திரை, உணவுக் கட்டுப்பாடு எதுவும் தொடங்காத நிலையில் எல்டிஎல் 190-க்கு மேல் இருந்தால், அதிலும் அப்பாவோ அண்ணனோ 55 வயதுக்கு முன், அம்மாவோ அக்காவோ 65-க்கு முன் மாரடைப்பு கண்டிருந்தால், அது பரம்பரைக் குறைபாடாக இருக்கலாம். ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இது உண்டு. எல்டிஎல்லைப் பிடிக்கும் ஏற்பிகள் பிறவியிலேயே குறைவு. பிரவுனும் கோல்ட்ஸ்டீனும் 1985-இல் நோபல் வாங்கியது இதைக் கண்டுபிடித்துத்தான். குதிகாலின் பின்பக்கத் தசைநாண் தடித்திருப்பதும் 45 வயதுக்குள் கருவிழி ஓரத்தில் வெள்ளை வளையம் தெரிவதும் அடையாளங்கள். ஒருவருக்கு உறுதியானால் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் வர 50 சதவீத வாய்ப்பு; அவர்கள் ஒல்லியாக இருப்பதைப் பார்த்து விட்டுவிடாமல் பள்ளி வயதிலேயே ஒருமுறை பார்த்துவிட வேண்டும். எல்டிஎல் போன்ற, பரம்பரையாக வரும் ஒரு துகளை அளக்கும் லிப்போபுரோட்டீன் ஏ என்ற பரிசோதனையும் இந்தக் குடும்பங்களுக்கு வாழ்நாளில் ஒரே ஒரு தடவை போதும், 50 மி.கி.க்கு மேல் இருந்தால் உணவால் அது குறையாது, எல்டிஎல் இலக்கைத்தான் இன்னும் கீழே வைக்க வேண்டியிருக்கும்.