ஏ மைனரிலிருந்து சி வரை

ஜூன் 3

அக்காவின் கிட்டாரை இன்று உறையிலிருந்து எடுத்தேன். ஆறு தந்திகளும் ஸ்ருதி இறங்கிக் கிடந்தன. கைப்பேசியில் ட்யூனரைத் திறந்து வைத்துக்கொண்டு, தடித்த ஆறாம் தந்தியில் தொடங்கி இ, ஏ, டி, ஜி, பி, இ என்று ஒவ்வொன்றாக முறுக்கினேன். ஐந்தாம் தந்தி 110 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டும். அந்த முள்ளை நடுவில் நிறுத்தவே நெடுநேரம் பிடித்தது. கடைசித் தந்தியை முறுக்கும்போது, அறுந்து தெறித்துவிடுமோ என்ற பயத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அறுந்திருந்தால் அவளுக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன்?

ஜூன் 4

இ மைனர். பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒலிக்கும் பிடி, அதாவது கார்டு. இரண்டே விரல்கள்: ஐந்தாம் தந்தியிலும் நான்காம் தந்தியிலும், இரண்டாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளுக்கு இடைப்பட்ட கட்டம்). மற்ற நான்கும் திறந்த தந்திகள். மேலிருந்து கீழாக ஒருமுறை மெதுவாக இழுத்தேன். அறை நிறைந்துவிட்டது.

ஜூன் 6

விரல்நுனிகள் எரிகின்றன. கைப்பேசித் திரையைத் தொட்டாலே வலிக்கிறது.

ஜூன் 7

இ மைனரைப் பிடித்தபடியே மூன்றாம் தந்தியின் முதல் ஃப்ரெட்டில் சுட்டுவிரலை வைத்தால் அது இ மேஜர் ஆகிவிடுகிறது. மாறுவது ஒரே ஒரு ஸ்வரம். அதுவும் அரைப்படிதான் ஏறுகிறது. நம் கர்நாடக இசைக் கணக்கில் சொன்னால் சாதாரண காந்தாரம் இருந்த இடத்தில் அந்தர காந்தாரம் வந்து அமர்கிறது, அவ்வளவுதான். விரலை வைத்தும் எடுத்தும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இதை மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன். வைத்தால் சன்னலைத் திறந்துவிட்டது போல் இருக்கிறது. எடுத்தால் யாரோ அதை ஓசைப்படாமல் சாத்துகிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு ஃப்ரெட் இருக்கிறது என்பதை என் மனம் ஏற்க மறுக்கிறது.

ஜூன் 10

ஏ மைனருக்குப் புதிதாக ஒன்றும் கற்க வேண்டியதில்லை. இ மேஜரின் அதே வடிவத்தை, மூன்று விரல்களும் கலையாமல், ஒரு தந்தி கீழே நகர்த்தினால் போதும். ஆறாம் தந்தியை மட்டும் மீட்டாமல் விட வேண்டும். கை அதை மறந்து ஒவ்வொரு முறையும் அங்கிருந்தே தொடங்குகிறது.

ஜூன் 11

அழைப்பு வரவில்லை.

ஜூன் 14

இன்று முழுவதும் சி மேஜருடன் போராட்டம். ஏ மைனரிலிருந்து சிக்குப் போகச் சுட்டுவிரலும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கலாம். மோதிரவிரல் மட்டும் மூன்றாம் தந்தியிலிருந்து எழுந்து, ஐந்தாம் தந்தியின் மூன்றாவது ஃப்ரெட்டில் இறங்க வேண்டும். படத்தில் பார்த்தால் ஒரு சிறு தாவல். கையிலோ, மோதிரவிரல் எழுந்த மறுகணம் மற்ற இரண்டும் அதனுடன் சேர்ந்து எழுந்துவிடுகின்றன. மூன்றையும் திரும்ப ஒவ்வொன்றாக வைத்து மீட்டிப் பார்த்தால் நான்கு தந்திகள் ஒலிக்கின்றன, முதல் தந்தி வெறும் ‘தட்’ என்கிறது. ஒவ்வொரு தந்தியாகத் தனித்தனியே சுண்டிப் பார்த்த பிறகே காரணம் தெரிந்தது. இரண்டாம் தந்தியை அழுத்தும் சுட்டுவிரல் நிமிர்ந்து நிற்காமல் சாய்ந்து, அதன் அடிச்சதை முதல் தந்தியின் மேல் படிந்திருக்கிறது. நகத்தை இன்னும் ஒட்ட வெட்டினேன். விரலை ஃப்ரெட் கம்பிக்கு நெருக்கமாகக் கொண்டுபோனதில் அழுத்தம் குறைவாகவே தேவைப்பட்டது, இரண்டாம் தந்தியின் இரைச்சலும் நின்றது. முதல் தந்தி மட்டும் பேசவில்லை.

ஜூன் 17

ஏ மைனரில் இருப்பவை ஏ, சி, இ. சி மேஜரில் இருப்பவை சி, இ, ஜி. மூன்றில் இரண்டு ஸ்வரங்கள் பொது. இவ்வளவு நெருங்கிய உறவுள்ள இரண்டு கார்டுகளுக்கு நடுவே என் கையில் மட்டும் ஏன் இத்தனை பெரிய மௌனம் விழுகிறது? ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மாற முடிகிறது என்று எண்ணினேன். பதினொன்று.

ஜூன் 18

பதினான்கு.

ஜூன் 19

வாசிக்கவில்லை. மாமா இரவில் பேசினார்.

ஜூன் 20

ஒன்பது.

ஜூன் 23

தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்தேன். நான்கு தட்டு ஏ மைனர், நான்கு தட்டு சி. இடக்கை தயாராகும்வரை வலக்கை காத்திருப்பதுதான் என் பிழை என்று இப்போது புரிகிறது. இடக்கை வந்து சேர்ந்தாலும் சேராவிட்டாலும் வலக்கை நிற்கக் கூடாது. பாதிக் கார்டு ஒலித்தாலும் ஒலிக்கட்டும், தாளம் அறுபடாமல் இருந்தால் விரல்கள் அதைத் துரத்திப் பிடிக்கக் கற்றுக்கொள்கின்றன. பிறகு விளக்கை அணைத்துவிட்டு வாசித்தேன். கண் உதவாதபோது மோதிரவிரல் தன் வழியைத் தானே தேடியது. இருளில் எத்தனை முறை மாறினேன் என்று எண்ணவில்லை. எண்ணாமல் இருந்தது நன்றாக இருந்தது. மூன்று விரல்நுனிகளிலும் தோல் தடித்து வருகிறது. அதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே படுத்திருக்கிறேன், தூக்கம் வரவில்லை.

ஜூன் 27

இருபத்தாறு.

மாலையில் அக்காவே அழைத்தாள். அவள் குரல் மெலிந்திருந்தது. உடம்பைப் பற்றி நான் கேட்பதற்குள், “எடுத்துட்டு வா, கேக்கணும்” என்றாள். கைப்பேசியை மேசையில் சாய்த்து வைத்து, ஏ மைனரும் சியுமாக மாற்றி மாற்றி எட்டுச் சுற்று வாசித்தேன். நடுவில் நிற்கவே இல்லை. முடித்ததும் அந்தப் பக்கம் சிறிது நேரம் ஓசையில்லை. பிறகு, “சி-ல முதல் தந்தி ஊமையா இருக்குடா. கட்டைவிரல் மேல ஏறி எட்டிப் பார்க்குது, கழுத்துக்குப் பின்னாடி இறக்கு” என்றாள். அத்தனை தொலைவிலிருந்து, அந்தச் சிறிய ஒலிபெருக்கி வழியே, ஒலிக்காத ஒன்றை அவள் கேட்டிருக்கிறாள்.

ஜூன் 28

கட்டைவிரலை இறக்கினேன். மணிக்கட்டு தானாக முன்னே வந்தது, விரல் மூட்டுகள் வளைந்து நுனியில் நின்றன. முதல் தந்தி ஒலித்தது. அவளுக்குச் சொல்ல அழைத்தேன். எடுக்கவில்லை.

ஜூலை 1

ஜியும் டியும் கைக்கு வந்துவிட்டன. இவற்றைப் பற்றி எழுத அதிகமில்லை. டியில் நான்காம் தந்திக்கு மேலே மீட்டாமல் இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நினைவில் நிற்க வேண்டியது.

ஜூலை 2

அழைப்பு இல்லை. சியில் முதல் தந்தி தெளிவாக இருக்கிறது. இன்று பலமுறை சோதித்தேன்.

ஜூலை 4

எஃப். ஆறு தந்திகளையும் சுட்டுவிரலால் அழுத்தும் முழு வடிவம் என்னால் இப்போது ஆகாது, அதனால் நான்கு தந்திகளுக்கான சிறிய எஃபை எடுத்துக்கொண்டேன். சியிலிருந்து நடுவிரலும் மோதிரவிரலும் ஒவ்வொரு தந்தி கீழே இறங்குகின்றன. சுட்டுவிரல் தன் இடத்திலேயே இருந்து சாய்ந்து, முதல் தந்தியையும் இரண்டாம் தந்தியையும் சேர்த்து அழுத்த வேண்டும். சாயாதே என்று இரண்டு வாரம் பழக்கிய விரலை இப்போது சாயச் சொல்கிறேன். உள்ளங்கைப் பக்கத்துச் சதையை விட விரலின் ஓரம் கடினமாக இருப்பதால் அந்த ஓரத்தால் அழுத்திப் பார்த்தேன். நான்காவது, மூன்றாவது, இரண்டாவது தந்திகள் ஒலிக்கின்றன. முதல் தந்தி மறுபடியும் ‘தட்’. நாளை விரலை இன்னும் சற்றுப் புரட்டி