பேட்டைக் கீழே போடுங்க, அப்பா!

பத்து வயதுப் பையன் திடலே திரும்பிப் பார்க்கும்படி என்னைப் பார்த்துக் கத்தினான். போன பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அது. மலேசியாவில் சுங்கை சிப்புட் என்ற ஊரில் எங்கள் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்குப் பின்னால், எண்ணெய் தரும் செம்பனை மரங்கள் தொடங்கும் இடத்தில் பழைய தோட்டத்துத் திடல் ஒன்று இருக்கிறது. சனிக்கிழமைகளில் என் மாமனார் அங்கே பிள்ளைகளுக்கு பேஸ்பாலைப் போன்ற சாஃப்ட்பால் ஆட்டம் சொல்லிக்கொடுப்பார். அன்று அப்பாமார்களும் இறங்கி ஆடட்டும் என்று ஏற்பாடு.

மூன்றாவது பந்தை நான் நன்றாகவே அடித்தேன். அடித்ததும் என் கால்கள் சின்ன வயதிலிருந்து தெரிந்ததைச் செய்தன. பேட்டைக் கையில் பிடித்தபடி ஓடினேன். முதல் பேஸ் நெருங்கியதும் குனிந்து பேட்டின் நுனியைத் தரையில் தேய்த்துக்கொண்டு போனேன். தேய்த்துத் தொட அங்கே கோடு கிடையாது. ஒரு வெள்ளைத் திண்டு கிடந்தது, அதுதான் பேஸ். அதைக் காலால் மிதித்திருக்க வேண்டும். அதற்குள் அங்கே நின்ற பெண்பிள்ளை பந்தைப் பிடித்துத் திண்டில் கால் வைத்துவிட்டாள். அவுட்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் கெடுதல் ஒன்றும் இல்லை, நம் பிள்ளைகள்தானே. என் மகன் மட்டும் சிரிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதுதான் குத்தியது.

கிரிக்கெட்டில் பேட் கையில் இருக்கும்வரை அது நம் உடம்போடு சேர்ந்தது. கோட்டைத் தாண்டி அதன் நுனி தரையில் பட்டால் போதும், தப்பித்துவிடலாம். பேஸ்பாலிலும் சாஃப்ட்பாலிலும் அடித்த கணத்தோடு பேட்டின் வேலை முடிந்தது. அதை விட்டுவிட்டுக் கைவீசி ஓட வேண்டும். வீசி எறியவும் கூடாது, பின்னால் உட்கார்ந்திருக்கும் கேட்சர் மேல் படும். ஓடத் தொடங்கும்போதே மெதுவாக நழுவவிட வேண்டும். பார்க்கச் சின்ன விஷயம். எனக்கு இரண்டு மாதமாகக் கைவரவில்லை.

கைவராததற்குக் காரணம் கடலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் இருக்கிறது. எங்கள் தெருவுக்கு ஒரே பேட். என் அப்பா வேப்பம்பலகையை வாச்சியால் செதுக்கி, கைப்பிடிக்குச் சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றிக் கொடுத்தது. கரும்பு வெட்டி முடித்த நிலத்தில் அடிக்கட்டைகளைத் தட்டிச் சமன்செய்துதான் ஆடுவோம். ஒருநாள் ஆட்டம் முடிந்த குஷியில் பேட்டை வாசலில் விட்டெறிந்தேன். அப்பா கோபமாகக்கூடப் பேசவில்லை. “கைக்கு உதவுற பொருளை இப்படியா போடுவ?” என்று கேட்டு, எடுத்துத் துடைத்துச் சுவரில் சாய்த்து வைத்தார். அந்த வருஷம் ஆயுத பூஜையில் மண்வெட்டி, அரிவாள், சைக்கிள் வரிசையில் என் பேட்டும் இருந்தது, சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு. பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக்கூடாதே! வெளியே பையன்கள் கூப்பிடக் கூப்பிட, நான் அந்தக் குங்குமப் பொட்டையே பார்த்துக்கொண்டு பொரிகடலை தின்றபடி உட்கார்ந்திருந்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது.

இங்கே வந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. சிதம்பரத்தில் படிக்க வந்த மலேசியப் பெண்ணைக் கட்டிக்கொண்டேன். சில வருஷம் கழித்து, நாலு வயதுப் பையனோடு அவள் ஊருக்கே வந்து சேர்ந்தோம். நன்றாகப் பழகிவிட்டேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன். பொய்யும் இல்லை. சாப்பிட்டாச்சா என்பது போய்ப் பசியாறியாச்சா என்று வாயில் வருகிறது. ரிங்கிட்டை வெள்ளி என்கிறேன், காரைக் காடி என்கிறேன். வேலையும் பெரிதாக மாறவில்லை. அங்கே சர்க்கரை ஆலையில் பாய்லர் பார்த்தேன், இங்கே செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்க்கிறேன். வெட்டிய கரும்பு காய்ந்தால் சர்க்கரை குறையும். வெட்டிய செம்பனைக் குலையை 24 மணி நேரத்துக்குள் ஆவியில் வேகவைக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறும். இரண்டு ஊரிலும் நீராவி குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் என் பிழைப்பு. ஆனால் காலைப் பணிக்குப் போய் பாய்லர் அறைக் கதவைத் திறக்கும்போது, மூக்கு இன்னும் வேகும் கரும்புச்சாற்றின் வாசத்தைத்தான் தேடுகிறது. செம்பனையின் வாடை வந்து மோதியதும்தான் எங்கே நிற்கிறேன் என்பது உறைக்கும்.

அந்தச் சனிக்கிழமை ராத்திரி மாமாவிடம் மனத்தாங்கலைச் சொல்லிவிட்டேன். பையனுக்கு கிரிக்கெட் சொல்லிக்கொடுக்கும் ஆசை எனக்கு இருந்தது, நான் ஆலையில் இருந்த நேரத்தில் நீங்கள் முந்திக்கொண்டீர்கள் என்று. மாமா தோட்டத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். நிதானமானவர். தேங்காய் எண்ணெய் தொட்டு பையன் பந்து பிடிக்க மாட்டும் தோல் கையுறையை, அந்தக் கிளவைத் துடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“மாப்பிள்ளை, எங்களுக்கு அது தொரைமார் ஆட்டம்” என்றார்.

எனக்குப் புரியவில்லை. கிரிக்கெட் எங்கள் தெருவின் ஆட்டமாயிற்றே! அவர் சொன்னார். 1960களில் அவர் சின்னப் பையன். தோட்டத்துத் தொரைமார் கிளப்புக்குள் லயத்து, அதாவது தொழிலாளர் வரிசைவீட்டுப் பிள்ளைகள் கால் வைக்க முடியாது. செம்பருத்தி வேலிக்கு வெளியே நின்று, வெள்ளை உடுப்புப் போட்டவர்கள் ஆடுவதைப் பார்ப்பார்கள். பந்து வேலி தாண்டி வந்தால் எடுத்து எறிய வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்கும் கிரிக்கெட்டுக்கும் உள்ள உறவு. இடைநிலைப்பள்ளிக்குப் போனபோதுதான் சாஃப்ட்பால் கிடைத்தது. மலாய்ப் பிள்ளை, சீனப் பிள்ளை, இவர் என்று நாலு பேர் ஒரே கிளவை மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டார்களாம். “யாரும் எங்களை வேலிக்கு அந்தப் பக்கம் நிறுத்தலை” என்றார். நான் அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. எனக்கு எல்லாமாக இருந்த ஆட்டத்தை இந்த மனிதர் வேலிக்கு வெளியே நின்று மட்டும்தான் பார்த்திருக்கிறார். மனத்தாங்கலோடு போனவனுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.

மாமா ஸ்கோர் எழுதும் நோட்டில் தியாக அடி என்று ஒன்று உண்டு. முன்னால் ஓடிக்கொண்டிருப்பவன் அடுத்த பேஸுக்குப் போவதற்காக, தான் அவுட் ஆவது தெரிந்தே பந்தை மெல்லத் தட்டிவிடுவது. அதை அவன் கணக்கில் தோல்வியாக எழுத மாட்டார்கள், சராசரி குறையாது. பையனுக்கு இதை விளக்க மாமா தன் அப்பாவைத்தான் சொன்னார். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டாடி விற்ற காலம். இதே ஊர்க்காரரான அரசியல் தலைவர் துன் சம்பந்தன், அந்தத் தோட்டங்களை வாங்க 1960இல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டினார். ரப்பர் மரத்தில் பால்வெட்டிய கையால் மாமாவின் அப்பாவும் பத்து வெள்ளி கொடுத்திருக்கிறார். அந்த மாதம் வீட்டில் பிள்ளைகளுக்குச் சட்டை வாங்கவில்லை. “அதான்டா தியாக அடி” என்றார் மாமா. பையன் வாய் திறந்து கேட்டுக்கொண்டிருந்தான். நானும்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டில் அமெரிக்க பேஸ்பால் ஓடும். கோடையில் நியூயார்க்கில் இரவு 7 மணி என்றால் இங்கே காலை 7 மணி. அவர்கள் விளக்கு வெளிச்சத்தில் ஆடுவதை நாங்கள் தோசையோடு பார்ப்போம். பையனுக்கு ஜப்பானிய ஆட்டக்காரர் ஷோஹேய் ஓத்தானிதான் எல்லாம். 2024இல் ஒரே பருவத்தில் 54 ஹோம் ரன்னும் 59 பேஸ் திருட்டும். ஹோம் ரன் என்றால் வேலி தாண்டும் அடி, பேஸ் திருட்டு என்றால் யாரும் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது. அதற்கு முன் யாரும் இரண்டிலும் ஐம்பதைத் தொட்டதில்லை. எனக்குப் பிடித்தது அவருடைய அப்பா. ஜப்பானில் ஒரு கார்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மகன் ஆடிய சிறுவர் அணிக்குப் பயிற்சி கொடுத்தார். அப்பாவும் மகனும் ஒரு நோட்டை மாற்றி மாற்றி எழுதுவார்களாம். அன்றைய ஆட்டத்தைப் பற்றி அப்பா எழுதுவார், மகன் பதில் எழுதுவான். உரக்கக் குரல் கொடு, கேட்ச் பயிற்சியைக் கவனமாகச் செய், முழு வேகத்தில் ஓடு என்பவைதான் அந்த அப்பாவின் பாடங்கள்.

ஆலையில் வேலை பார்க்கும் ஓர் அப்பா! நானும் கடைக்குப் போய் 80 பக்க நோட்டு ஒன்று வாங்கிவந்தேன்.

எனக்கு ஷிஃப்ட் மாறி மாறி வரும். நான் வீடு வரும்போது அவன் தூங்கியிருப்பான். நோட்டு மட்டும் சாப்பாட்டு மேசையில் இருக்கும். முதல் பக்கத்தில் வேப்பம்பலகைக் கதையையும் ஆயுத பூஜையையும் எழுதினேன், அன்று ஏன் பேட்டை விடவில்லை என்பதற்காக. மறுநாள் பென்சிலில் ஒரே ஒரு வரி: “ஊர்த் தாத்தா செஞ்ச பேட் இப்ப எங்கே இருக்கு?” எனக்கே தெரியாது. அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா பரணில் தேடச் சொல்லி, அரைமணி கழித்துக் கூப்பிட்டார். பேட் இருக்கிறதாம், ட்யூப் உதிர்ந்துவிட்டதாம். “உங்கப்பா போன பிறகு நான்தான் எடுத்து வச்சேன், யாரும் கேக்கவே இல்லை” என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் பேச்சு வரவில்லை.

அப்புறம் ஷிஃப்ட் இல்லாத நாட்களில் சாயங்காலம், செம்பனை வரிசைக்குப் பக்கத்தில் நானும் பையனும் பந்து எறிந்து பிடிக்கிறோம். கிளவுக்குள் பந்து விழும் சத்தம் உள்ளங்கையில் வெறுமனே பிடிக்கும்போது வராது, ‘தொப்’ என்று மெத்தென்ற ஒரு சத்தம். இருட்டிப் பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை நிறுத்த மாட்டான். பேட்டை நழுவவிடவும் பழகினேன். மூன்று சனிக்கிழமை தொடர்ந்து சரியாக விட்டேன். மாமா கைதட்டினார்.

போன சனிக்கிழமை மழை தூறியது. பந்து மிட்ஆஃப் பக்கம், இல்லை, இரண்டாம் பேஸ் பக்கம் போனது. ஓடினேன். பாதி வழியில்தான் கையில் கனம் தெரிந்தது. திடலில் இருந்து யாரும் கத்தவில்லை.

ராத்திரி நோட்டைத் திறந்தேன்.

“அப்பா இன்னிக்கு முதல் பேஸ் வரைக்கும் பேட்டோட ஓடினாங்க. நான் ஒன்னும் சொல்லலை. சேஃப்.”