கண்மாயையும் ஊரையும் சேர்த்துப் படிக்க: களத்தில் நாங்கள் செய்யும் முறை

மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய் (பாசன ஏரி) ஆய்வுக்கு இறங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, அந்தக் கண்மாய் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதை. ஆயக்கட்டு, அதாவது கண்மாய்த் தண்ணீர் பாயும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம். மடை (வயலுக்குத் தண்ணீர் திறக்கும் மதகு) மட்டம், கலுங்கு (நிறைந்த தண்ணீர் வழிந்தோடும் இடம்) மட்டம், கொள்ளளவு எல்லாம் அந்த அலுவலகத்தில்தான் கிடைக்கும். கேட்டுக் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி மனு போடலாம். பதிலுக்கு 30 நாள் கெடு. அதனால் மனுவைக் களவேலைக்கு முன்பே போட்டுவிடுங்கள். கிராம வரைபடமும் அ-பதிவேடும் (சர்வே எண்வாரியான நிலப் பதிவேடு) அடங்கலும் (பயிர்க் கணக்கு) கிராம நிர்வாக அலுவலரிடம் (வி.ஏ.ஓ.) பார்க்கலாம்.

நீர்ப்பரப்பு கூடிக் குறைவதைப் பார்க்க சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் போதும். பத்து மீட்டர் துல்லியம், 2015 முதல் இருக்கிறது. அதற்கு முந்தைய காலத்துக்கு லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மேகம் மறைத்துவிடும். நாங்கள் ஜனவரிப் படத்தைத்தான் நம்புவோம். ஆகாயத்தாமரை மூடிய இடம் படத்தில் தரை மாதிரியே விழும், ஆகவே கரையில் நின்று ஒருமுறை சரிபார்த்தே ஆகவேண்டும்.

கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலைக் கோடையில், கண்மாயிலிருந்து மேல்நோக்கி நடந்து பாருங்கள். எங்கே சீமைக்கருவேலம் அடைத்திருக்கிறது, எந்தச் சாலைப் பாலத்தின் தளம் வாய்க்கால் தரையைவிட உயரமாகக் கட்டப்பட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். நல்ல மழையிலும் கண்மாய் நிறையாததற்குக் காரணம் பல ஊர்களில் இங்கேதான் கிடைக்கிறது.

அடுத்தது தூர்வாரல். இதைத்தான் பலரும் மேலோட்டமாக எழுதிவிட்டுப் போகிறார்கள். எத்தனை கன மீட்டர் மண் எடுத்தார்கள் என்பதைவிட, மடையின் அடிமட்டத்துக்கு மேலே எடுத்தார்களா, கீழே எடுத்தார்களா என்பதே முக்கியம். கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் மடை வழியாக வயலுக்குப் பாயாது. நிலத்தில் இறங்கிக் கிணறுகளுக்குத்தான் போகும். கிணறு உள்ளவருக்கு லாபம், மடைத்தண்ணீரை மட்டும் நம்பியவருக்கு ஒன்றுமில்லை. மடையைத் திறக்காதே என்று ஒரு சாரார் நிற்பதும், மடை திறந்து தண்ணீர் பங்கிடும் நீர்பாய்ச்சிக்குக் கொடுத்துவந்த நெல் நின்றுபோவதும், வாய்க்கால் மராமத்துக்கு ஆள் வராமல் போவதும் இந்தப் பிளவிலிருந்து தொடங்குவதை நாங்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறோம்.

ஆகவே யாரிடம் கேட்பது என்று முடிவு செய்யும்போது ஆயக்கட்டைத் தலைமடை (தண்ணீர் முதலில் பாயும் பகுதி), நடுமடை, கடைமடை (கடைசியில் பாயும் பகுதி) எனப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கிணறு உள்ளவர், இல்லாதவர் இரு பக்கமும் ஆள் எடுக்க வேண்டும். அடங்கலில் இருக்கும் பெயரை வைத்து மட்டும் போனால் ஏமாற்றம்தான். பட்டாதாரர் இறந்திருப்பார், நிலத்தைக் குத்தகைக்கோ வாரத்துக்கோ (விளைச்சலில் பங்கு) வேறொருவர் பயிரிடுவார். நிலமே இல்லாதவர்கள் அந்த ஏட்டில் வரவே மாட்டார்கள். ஆடு மாடு மேய்ப்பவர், மீன் குத்தகைக்காரர், விறகு வெட்டுபவர், நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் ஆகியோரைத் தனியாகத் தேடிப்போய்க் கேட்க வேண்டும். பெரிய விவசாயிகள் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் அவர்கள் வாய் திறப்பதில்லை.

“பத்து வருஷத்துக்கு முன்னால எப்படி?” என்ற கேள்விக்குக் குத்துமதிப்பான பதில்தான் வரும். “2015 பெருமழையில கண்மாய் நிறைஞ்சு கலுங்குல தண்ணி விழுந்துச்சா? 2016 வறட்சியில எந்தக் கிணறு வத்துச்சு?” என்று கேளுங்கள், பதில் தெளிவாக வரும்.

அறிக்கையை ஊரில் படித்துக்காட்டும்போது கடைமடைக்காரர்களுக்கு முதலில் காட்டுவது எங்கள் வழக்கம், திருத்தங்கள் அங்கிருந்துதான் அதிகம் வரும். வெளியிடும் பிரதியில் கிணற்று ஆழத்தையும் ஆக்கிரமிப்பு விவரத்தையும் பெயரோடும் சர்வே எண்ணோடும் சேர்த்துப் போடாதீர்கள். நம்பிச் சொன்னவருக்கு அது வம்பாக முடியும்.